முதலில் அவள் பார்க்கட்டும்

இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்புள்ள அண்ணனுக்கு உங்கள் தங்கை எழுதுவது.

இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் நலமா என்று நான் கேட்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டீர்கள். அதனால் இப்போது கேட்கிறேன். நலம்தானே? இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அன்றைக்குப் போட்ட சத்தத்தைப் பார்த்தால் போடவில்லை என்றே படுகிறது.

போனில் நீங்கள் பேசினால் நான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் பேச ஆரம்பித்தால் உங்கள் ஊரில் லைன் கட்டாகிவிடும். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவள் என்று பார்க்காமல், நீங்கள் படித்து முடித்துப் போட்ட புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படித்து எழுதக் கற்றவள் என்று நினைத்து வாசியுங்கள்.

'யாரைக் கேட்டு என் மகளைப் பைத்தியக்கார டாக்டரிடம் கூட்டிப்போனாய்' என்று கேட்டீர்கள். நீங்கள் என் வீட்டில் விட்டுப்போன பாப்பாவை நான்தான் கூட்டிப்போனேன். யாரையும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளையிடம்கூடப் போய்விட்டு வந்துதான் சொன்னேன். பணிமனையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தவர், "சரி, பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆகவே திட்ட வேண்டியவள் நான் ஒருத்திதான். பாப்பாவையும் விட்டுவிடுங்கள், அவரையும் விட்டுவிடுங்கள்.

போன வருஷக் கடைசியிலிருந்தே பாப்பாவின் அறையைப் பெருக்கும்போது முடி வரும். கட்டிலுக்கு அடியில், மேசைக் காலைச் சுற்றி, புத்தகத்துக்கு நடுவில்கூட. தண்ணீர் சரியில்லை என்று நினைத்தேன். சோப்பை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன். ஒருநாள் பின்னிவிடக் கூப்பிட்டால் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விடவில்லை, பிடித்துப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்குத் தோல் வழவழவென்று இருக்கிறது, அண்ணா. அதை மறைக்கத்தான் இத்தனை நாள் துப்பட்டா.

தோல் மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது உதிர்ற முடி இல்லைம்மா, பிடுங்கற முடி" என்றார். யார் பிடுங்குகிறார்கள் என்று கேட்டேன். அவ்வளவு மண்டு நான். அவள் கைதான். பாதி நேரம் தெரிந்து, பாதி நேரம் அவளுக்கே தெரியாமல். மனசுக்குள் ஏதோ அழுத்தும்போது கை தன்னால் அங்கே போய்விடுமாம். சுகாதார நிலையத்து மாடியில் வியாழக்கிழமைதோறும் இந்த வயதுப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு பெண் வருகிறாள், அங்கே போங்கள் என்று அவர்தான் எழுதிக்கொடுத்தார்.

அந்தப் பெண்ணைத்தான் நீங்கள் பைத்தியக்கார டாக்டர் என்கிறீர்கள். அவள் இன்னும் டாக்டரே ஆகவில்லை. பல்கலைக்கழகத்தில் உளவியல் மேற்படிப்புப் படிக்கிறாள். அப்படிப் படிக்கிறவர்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து, உதவித்தொகை கொடுத்து, பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனசைக் கவனிப்பதற்கென்றே பழக்குகிற திட்டம் ஒன்று இருக்கிறது. இந்த வயதுக்காரர்களைப் பார்க்க ஆள் போதவில்லையாம். பெரிய மருத்துவமனையில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தால் கூப்பிடுவதற்குள் பிள்ளை படிப்பையே முடித்துவிடும். அதனால் படிக்கும்போதே இவர்களை நம் ஊர் மாதிரி இடங்களுக்கு அனுப்புகிறார்கள். முதல் நாளே அவள் என்னிடம், "நான் இன்னும் மாணவிதாம்மா. தெரியாதது வந்தா தெரியாதுன்னு சொல்லிட்டு எங்க மேடத்தைக் கேட்டுட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டாள். தெரியாது என்று சொல்லும் மருத்துவர் யாரையும் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

படிச்சு முடிக்காத பொண்ணு பழகிப் பார்க்க என் மகள் என்ன பொம்மையா என்று கத்தினீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். அவள் பாப்பாவோடு பேசுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவளுடைய மேற்பார்வையாளர் அம்மா அவளை உட்கார வைத்துத் துருவுகிறார். அங்கே ஏன் அதைக் கேட்டாய், இங்கே ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய், அவசரப்பட்டது பிள்ளைக்காகவா உனக்காகவா என்று. ஒருநாள் அந்தப் பெண் கண் சிவந்து படியிறங்கி வந்ததை நானே பார்த்தேன். இப்போது நான் கேட்கிறேன். உங்களையும் என்னையும் யார் அப்படி உட்கார வைத்துக் கேட்டார்கள்? பிள்ளை வளர்க்க நமக்கு எந்தப் பரீட்சை வைத்தார்கள்? பாப்பா மேல் பழகிப் பார்த்தவர்கள் நாம்தான், அண்ணா. அந்தப் பெண்ணாவது திட்டு வாங்கிக்கொண்டு பழகுகிறாள்.

விஷயம் உங்கள் காதுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதையும் மறைக்கப் போவதில்லை. மருந்துக் கடையில் நானும் பாப்பாவும் நின்றிருந்தோம். அந்தப் பெண் உள்ளே வந்தாள். எங்களைப் பார்த்தாள். பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருமல் மருந்து அலமாரியைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. படிச்ச திமிரைப் பார் என்று தோன்றியது. சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "என்னம்மா, வாராவாரம் எங்க பாப்பாவை ரூமுக்குள்ள வெச்சு ஒரு மணி நேரம் பேசற, கடையில பார்த்தா யாருன்னே தெரியலையா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டுவிட்டேன். கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தினார். வரிசையில் எனக்குப் பின்னால் நம் தெருவின் ஒலிபெருக்கி நின்றிருந்தாள். அவளைப் பற்றி உங்களுக்கே தெரியும், மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். அன்று சாயங்காலத்துக்குள் சித்தப்பா வீட்டுக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண் பேசாமல் போனது திமிர் இல்லை என்று அடுத்த வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு அது ஒரு நெறி. "வெளியில பார்த்தா நாங்களா முதல்ல பேச மாட்டோம்மா. அவங்க பார்த்துச் சிரிச்சா சிரிப்போம். பார்க்காம போனா நாங்களும் போயிருவோம். எங்ககிட்ட வர்றதை வெளிய சொல்லலாமா வேண்டாமாங்கிறது அவங்க விருப்பம். எங்க முகம் அதைக் காட்டிக் கொடுக்கக் கூடாது" என்றாள். பாப்பாவிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். நான் வெளியே உட்கார்ந்திருந்ததால் எனக்கு யாரும் சொல்லவில்லை. மரியாதையை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டு, காப்பாற்ற வேண்டியதைக் கடைத்தெருவில் போட்டு உடைத்தேன்.

அன்று கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாப்பா எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். இனி வெளியே தலைகாட்ட மாட்டாள் என்று பயந்தேன். சாப்பிடும்போது, "அத்தை, சொல்லியிருந்தா ஒரு மைக்கும் வாங்கித் தந்திருப்பேனே" என்றாள். உங்கள் மாப்பிள்ளைக்குப் புரை ஏறிவிட்டது. அண்ணி இறந்துபோனதற்குப் பிறகு இந்தப் பிள்ளை யாரையும் கிண்டல் செய்து நான் கேட்டதில்லை.

உங்கள் அனுமதிக்காக இதை எழுதவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை போவோம்.

கோபத்திலும் மரியாதை குறையாத,
உங்கள் தங்கை.

*

இறைவன் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதமும் எனக்குக் காட்டப்பட்டது. நலம் விசாரிப்பதை இந்தமுறை கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், மறந்தால் மன்னிக்கவும்.

'தகப்பன் என்ற முறையில் என் சம்மதம் இல்லை, உடனே நிறுத்துங்கள், இதுவரை என் மகள் பேசியதை எல்லாம் எழுத்தில் அனுப்புங்கள்.' இப்படி எழுதியிருக்கிறீர்கள். நல்ல கெட்டியான தமிழ். மேற்பார்வையாளர் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். நரைத்த குட்டை முடி, மேசை மேல் பிள்ளைகள் வரைந்த படம் ஒன்று, அதட்டாத குரல். குறிப்புகளை யாருக்கும் தர மாட்டோம் என்றார். உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி ஏதாவது இருந்தால் வீட்டாரை நாங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம், அப்படி எதுவும் இல்லை என்றார். ஆனால் பாப்பாவுக்குப் பதினேழு வயதுதான். தகப்பன் எழுத்து மூலம் மறுத்தால் அவர்களும் நிறுத்தித்தான் ஆக வேண்டுமாம். அந்தப் பெண் சுவரோரமாக நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பையைத் திறந்தேன். நீங்கள் ஊரைவிட்டுப் போகும்போது பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று ஒரு கடிதம் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் மறந்திருப்பீர்கள். பால் கணக்கிலிருந்து பஸ் சீட்டு வரை பத்திரமாக வைக்கிறவள் நான், மறக்கவில்லை. 'என் மகளின் படிப்பு, மருத்துவம் உள்ளிட்ட எல்லாவற்றிலும் என் தங்கையே முடிவெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் என்னைத் தொடர்புகொள்ள வேண்டியதில்லை.' உங்கள் கையெழுத்து, தேதியோடு. அந்த அம்மா படித்தார். இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தார். நகல் எடுத்துக்கொண்டு, "இது இருக்கிற வரைக்கும் உங்க கையெழுத்து போதும்மா" என்றார். திரும்ப வாங்கும்போது அந்த இரண்டாவது வாக்கியம் உள்பக்கமாக இருக்கும்படி மடித்துப் பைக்குள் வைத்தேன். பாப்பா வெளியே நின்றிருந்தாள்.

அதை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதையும் அவர்களே சொன்னார்கள், ஒளிக்கவில்லை. ஆனால் தபாலில் முடியாது. நேரில் வந்து, அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும். வாருங்கள்.

இனி எனக்கு எழுதியதற்கு வருகிறேன். 'நீ வெளியேதானே உட்கார்ந்திருக்கிறாய், உன் காதில் எதுவும் விழாமலா இருக்கும்? விழுந்ததை எழுது' என்கிறீர்கள்.

விழுந்தது. ஒரு வாக்கியம் விழுந்தது.

அந்த அறை மாடியில் கடைசி. முன்பு உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த இடம். உள்ளே இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக இல்லாமல் மூலைவாட்டில் போட்டிருப்பார்கள். முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் ஜன்னலைப் பார்க்கலாம். வெளியே நடையில் எனக்கு ஒரு பெஞ்சு. கதவுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கிழட்டு மேசை மின்விசிறி சுவரைப் பார்த்துக் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். ஒருத்தருக்கும் காற்று வராது. உங்களுக்குத்தான் தெரியுமே, ஆளில்லாத இடத்தில் விசிறி ஓடினால் என் கை சும்மா இருக்காது. அரசாங்கக் கரண்டாக இருந்தால் மட்டும் சும்மா வருகிறதா? எழுந்துபோய் அணைத்தேன்.

அணைத்த மறுநிமிஷம் பாப்பாவின் குரல் கேட்டது, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. அந்த விசிறி காற்றுக்காக வைத்தது இல்லை, அண்ணா. உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்க வைத்தது. ஒரே ஒரு வாக்கியம். மறுபடியும் போடப் போனேன், அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்திவிட்டேன். அது கடகடவென்று ஓட ஆரம்பித்த பிறகும் அந்த வாக்கியம் என் காதில் நின்றுகொண்டிருந்தது. இப்போதும் நிற்கிறது.

அந்தப் பெண் வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன். மூடி மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. "தப்பு என்னோடதும்தான், விசிறி எதுக்குன்னு உங்களுக்குச் சொல்லியிருக்கணும்" என்றாள். அப்புறம், "பாப்பாகிட்ட இதைச் சொல்லாம இருக்க முடியாதும்மா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். பஸ்ஸில் நானே சொன்னேன். உங்கள் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் எழுந்துபோய் வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான். நல்ல மனசோடு நான் செய்த காரியத்தில் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆண்டவன் முன்னால் உட்கார்ந்து, என் காதை வேண்டுமானால் எடுத்துக்கொள், அவள் வியாழக்கிழமையை எடுக்காதே என்று கேட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. தானே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மாடிக்குப் போனதும் நேரே விசிறியிடம் போனாள். உள்ளதிலேயே பெரிய வேகத்தில் வைத்தாள். "அத்தை, இதுல கை வைக்காதீங்க. நம்ம வீட்டு பில் இல்ல" என்றாள். கதவைச் சாத்தப் போனவள் பாதியில் நின்று, "அப்பாகிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். "அப்பா அதட்டிக் கேட்டா?" அதட்டட்டும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே அதட்டிப் பாருங்கள். நான் சொல்லப் போவதில்லை. சத்தியம் செய்து கேட்டாலும், செலவுக்கு அனுப்புகிறவன் நான் என்று சொல்லிக் கேட்டாலும், அம்மா அப்பா படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்புவதற்கு என்னிடம் கணக்கு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் வியாழக்கிழமைக்கு நேராகப் பஸ் செலவு மட்டும்தான் இருக்கும். அந்த அறைக்குள் நடப்பதற்கு என் நோட்டில் இடம் கிடையாது, உங்கள் நோட்டிலும் கிடையாது.

'இவ்வளவு சாமி கும்பிடுகிறாயே, கடவுள் மேல் நம்பிக்கை இருந்தால் எதற்கு இவர்களிடம் போகிறாய்' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அண்ணா, விடியும் முன்பு எழுந்து கண்ணை மூடி உட்காருகிறேனே, அங்கே நான் என்ன பேசுகிறேன் என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நகல் எடுத்துக் கொடு என்றும் கேட்டதில்லை. அதனால்தான் அங்கே என்னால் உண்மை பேச முடிகிறது. உங்களைப் பற்றியும் பேசுவதுண்டு. எல்லாம் நல்லதாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாப்பாவுக்கு அப்படி ஒரு இடம் வேண்டும். பதினேழு வயதில் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் வரவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. இதில் சாமிக்கு என்ன குறைந்துவிட்டது?

இன்னும் ஒன்று எழுத வேண்டும். இது அந்தக் கதவுக்கு உள்ளே கேட்டது இல்லை. என் வீட்டுக் கூடத்தில் என் இரண்டு கண்ணால் பார்த்தது. அதனால் எழுத எனக்கு உரிமை இருக்கிறது.

போனமுறை விடுமுறைக்கு வந்திருந்தீர்கள். கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாப்பா தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டபடி வந்தாள், உங்களிடம் மதிப்பெண் அட்டையைக் காட்ட. நிமிர்ந்து பார்த்தீர்கள். எனக்கே ஒரு நிமிஷம் அண்ணிதான் வருகிறாளோ என்று இருந்தது. அதே அடர்த்தி, அதே சுருள், இடுப்பு வரைக்கும். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். செருப்புகூடப் போடவில்லை. "முடியைக் கட்டச் சொல்லு" என்று போகிற போக்கில் என்னிடம் சொன்னீர்கள், அவளிடம் சொல்லவில்லை. இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தீர்கள்.

நீங்கள் ஊருக்குப் போன அடுத்த மாதம் முதல் அறையில் முடி வர ஆரம்பித்தது.

இரண்டையும் நான் கூட்டிக் காட்டவில்லை. அடுத்தடுத்த வரியில் எழுதி வைக்கிறேன். கணக்கு உங்களுக்கும் தெரியும்.

நலம்தானே? மாத்திரை போடுங்கள்.

இங்ஙனம்,
கேட்டதைச் சொல்ல மறுக்கும் தங்கை.

*

இறைவனுக்கு நன்றி.

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் வருகிற செய்தி கிடைத்தது. 'கையெழுத்துப் போட்டு ரத்து செய்ய வருகிறேன்' என்று ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். திட்டு இல்லை, கேள்வி இல்லை. ஒற்றை வரியில் எழுதுகிற ஆள் இல்லை நீங்கள். என்ன மனசோடு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் வாருங்கள். முன்னறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். விசிறியில் எண்ணெய் விட்டார் உங்கள் மாப்பிள்ளை. இப்போது சத்தமே இல்லை. அதற்கும் பாப்பா, "மாமா, இந்த வீட்ல இனி யாரும் ரகசியம் பேச முடியாது" என்றாள்.

பாப்பாவிடம் சொன்னேன், அப்பா எதற்கு வருகிறார் என்றும் மறைக்காமல் சொன்னேன். கை காதுக்குப் பின்னால் போயிற்று. பாதி வழியில் நின்றது. இறக்கி, மடியில் வைத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அங்கே இப்போது குட்டையாக முடி முளைத்து விறைத்துக்கொண்டு நிற்கிறது. துப்பட்டா சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

அந்தப் பெண்ணுக்கு இந்தப் படிப்புப் பருவத்தோடு இங்கே பயிற்சி முடிகிறது. வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள், அவள் இடத்துக்கு அடுத்த மாணவி வருகிறாள். திட்டத்தின் வழக்கம் அப்படி. எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. பழகவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போவது என்ன நியாயம் என்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் கேட்டே விட்டேன், சண்டை மாதிரிதான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உங்கள் கேள்வி சரி, எங்களிடம் ஆள் குறைவு என்றார். ஆனால் அந்தப் பெண் ஒன்று செய்தாள். என்னையும் பாப்பாவையும் சேர்த்து உட்கார வைத்து, இன்னும் எத்தனை வியாழக்கிழமை இருக்கிறது, கடைசி நாளில் என்ன செய்யலாம், அடுத்து வருகிறவளிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று பாப்பாவையே கேட்டாள். போகப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போவார்கள் என்பதைப் பாப்பா இப்போதுதான் பார்க்கிறாள். அவள் அம்மாவுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. உங்களைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கடைசி வியாழக்கிழமைகள் இருக்காது. அடுத்து வருகிறவளும் இருக்க மாட்டாள். அதைத்தான் நீங்கள் பணயம் வைக்கிறீர்கள். எனக்கு அதிகாரி யாரையும் தெரியாது, உங்களைத் தடுக்கக் காகிதமும் இனி கிடையாது. இருந்த ஒரு காகிதமும் நீங்கள் எழுதியதுதான். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரத்து செய்தாலும் வியாழக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் பஸ் ஏறுவோம். மாடிக்கு விடாவிட்டால் கீழே வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வருவோம். அவளுக்குப் பதினெட்டு ஆகிற வரைக்கும் உட்காருவோம். ஒலிபெருக்கிக்குத் தெரியட்டும், சித்தப்பா வீட்டுக்குத் தெரியட்டும். வெட்கப்படுவதை நாங்கள் விட்டுவிட்டோம். என் வாயாலேயே கடையில் வைத்துத் தீர்த்தாயிற்று.

இதற்கு மேல் சண்டை இல்லை. வருகிற அன்றைக்கு எப்படி வர வேண்டும் என்று சொல்கிறேன். தங்கை சொல்வதை ஒருமுறை கேளுங்கள்.

வாசலில் நின்று "பாப்பா எங்கே" என்று கூப்பிடாதீர்கள். பெட்டியைத் திறந்து வாங்கி வந்ததை நீட்டாதீர்கள். மதிப்பெண் கேட்காதீர்கள். தலையைப் பார்க்காதீர்கள், பார்க்காமலும் இருக்காதீர்கள். அந்தப் பெண் கடையில் நின்றாளே, அப்படி நில்லுங்கள். கூடத்தில் அந்தப் பழைய நாற்காலியில் உட்காருங்கள். அதை நான் ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் போட்டு வைக்கிறேன். செய்தி வேண்டாம், அணைத்து வையுங்கள். அவள் உள்ளேயிருந்து வருவாள். உடனே வரலாம், நேரம் கழித்தும் வரலாம். முதலில் அவள் பார்க்கட்டும். பார்த்துச் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். பேசினால் பேசுங்கள். ஒன்றும் சொல்லாமல் கடந்து சமையலறைக்குப் போனாலும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வருவதற்கு அந்த வழியாகத்தான் வர வேண்டும், வேறு வழி இந்த வீட்டில் இல்லை.

முடி கட்டியிருக்கலாம், விரித்துப் போட்டிருக்கலாம். எப்படி வருவாள் என்று நான் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அது அவள் இஷ்டம். எப்படி வந்தாலும், அண்ணா, அண்ணியே நடந்து வருகிற மாதிரி நெஞ்சை அடைத்தாலும், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவள் பார்க்கட்டும். எழுந்து மட்டும் போகாதீர்கள்.

அதற்குப் பிறகும் கையெழுத்துப் போடத் தோன்றினால் அலுவலகத்துக்கு நானே வழி காட்டுகிறேன். பேனாவும் தருகிறேன்.

வயதில் சின்னவள் பெரியவரை வாழ்த்தக் கூடாதென்றால் இதைப் பிரார்த்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவள் நிமிர்ந்து பார்க்கிற நேரத்தில் நீங்கள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் தங்கை.